திரும்பவும் சொல்லச் சொன்னவர்

அவருடைய பெயரை எழுத மாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை என்பதை இதை வாசித்து முடிக்கும்போது நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

கண்டியில், பேராதனை வீதியிலிருந்து மேட்டில் ஏறும் ஒரு கிளைத் தெருவில், பழைய வீடொன்றின் மாடியில் ஓர் உளவளத்துணை நிலையம் இருந்தது. மனக்கஷ்டம் உள்ளவர்கள் போய்ப் பேசிவிட்டு வரும் இடம். அங்கே தமிழில் கேட்பதற்கு அவர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்துப் பெண். ஐம்பதை எட்டியிருப்பார். பருத்திச் சேலை, இழுத்துக் கட்டிய கொண்டை, மெலிந்த உடம்பு. சிரித்த முகம் என்று சொல்ல முடியாது. முதல் நாள் பார்த்தபோது, இந்த அம்மாவிடம் போய் யார் அழுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

எதிரெதிராக இரண்டு கதிரைகள். உட்கார்ந்ததும் நான் தொடங்கிவிட்டேன். என் வாய் அப்படி. அவர் கையைச் சற்று உயர்த்தி என்னை நிறுத்தினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் வைத்து, தரையைப் பார்த்தபடி இருந்தார். மூச்சு போய் வருவது தெரிந்தது. ஒரு நிமிடம் போயிருக்கும். நிமிர்ந்து, "நான் வந்திட்டன். இனிச் சொல்லுங்கோ" என்றார்.

"நீங்க எனக்கு முன்னுக்கே வந்து உக்காந்துட்டீங்களே மிஸ்?"

"கதிரைக்கு வந்தன். மனம் முதல் வந்து போன ஆளோட நிண்டது. இப்பதான் வந்து சேர்ந்தது."

சரியான ஆளிடம்தான் வந்து மாட்டியிருக்கிறேன் என்று நினைத்தேன். பைத்தியம் பார்க்க வந்த இடத்தில் யார் பைத்தியம் என்று தெரியவில்லை.

நான் ஏன் அங்கே போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். நகரத்துக்கு வெளியே ஓர் உப தபால் கந்தோரில் முத்திரை விற்கும் கவுண்டரில் இருந்தேன். அப்பா அம்மா தெல்தோட்டைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர்கள். படித்து உத்தியோகத்துக்கு வந்தவள் எங்கள் லயத்திலேயே நான்தான் முதல். அந்தக் கர்வம் எனக்கு நிறைய உண்டு. என் கணவர் திடீரென்று இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நித்திரை இல்லை. திகதி முத்திரை குத்தும்போது ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் விழும். ஆஸ்பத்திரியில் இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் போஸ்ட் மாஸ்டர் ஐயாதான் இந்த இடத்தின் விலாசத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

அப்போது மகளுக்கு மாப்பிள்ளை வீடு பேசிக்கொண்டிருந்த நேரம். தாய்க்காரி மனசுக் கோளாறுக்குப் போகிறாளாம் என்று ஒரு சொல் வெளியே போனால் போதும், அந்தப் பேச்சு அன்றோடு முடிந்துவிடும். அதனால் புதன்கிழமை தோறும் பிரஷர் கிளினிக்குக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். பெற்ற மகளிடமே அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு என்னைப் பற்றியே பேசுகிறேன். அங்கேயும் இதுதான் என் வேலை.

கண்டி மழை உங்களுக்குத் தெரியும். அந்த மாடிக்குத் தகரக் கூரை. ஒரு நாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போது கொட்டத் தொடங்கியது. நான் குரலை உயர்த்தினேன். அவர் தலையை ஆட்டி, "ஓயட்டும்" என்றார். "பரவால்ல மிஸ், நான் சத்தமா சொல்றேன்." "நீங்கள் சத்தமாச் சொல்லுவீங்கள். எனக்குப் பாதிதான் கேக்கும். பாதியைக் கேட்டுப்போட்டு முழுக்கக் கேட்டன் எண்டு இருக்க எனக்கு ஏலாது." அரை மணித்தியாலம் இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்கு உள்ளூர எரிச்சல்தான். மழை விட்டதும், போன நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் முழு நேரமும் இருந்து கேட்டார். எனக்குப் பின்னால் வந்தவர் வெளியே வாங்குப் பலகையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு புதன்கிழமை, எனக்கு முந்திய ஆள் ஒரு கிழவர், தோட்டத்துச் சால்வையைத் தோளில் போட்டபடி வெளியே வந்தார். உள்ளே ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஐம்பது நிமிடம் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை என்பது வாங்கில் இருந்த எனக்கே தெரியும். கிழவர் என்னைப் பார்த்து, "நல்ல மனுசிங்க. இன்னைக்கு நெறையாப் பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

பாவம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. தோளில் கை வைத்ததில்லை. கண்ணீர் துடைக்கக் கடதாசி நீட்டியதில்லை. அது மேசையில் இருக்கும், தேவையென்றால் எடுத்துக்கொள்ளலாம். ஒரு சனிக்கிழமை கண்டிச் சந்தையில், கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் அவரை நேருக்கு நேர் கண்டேன். என் மகள் பக்கத்தில் நின்றாள். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, காயைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதில் கவனமாகிவிட்டார். முன்பின் தெரியாத ஆள் மாதிரி. பெரிய யாழ்ப்பாணத்து ராங்கி என்று வீடு வரும் வரை மனதுக்குள் திட்டினேன். என் மகளிடம் நான் என்ன பொய் சொல்லி வைத்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு வரவே இல்லை.

இனி அந்தப் புதன்கிழமை.

நான்கு கிழமையாகச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, அன்றுதான் கணவர் இறந்த நாளைச் சொல்லத் தொடங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் முதல் நாள் பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு வந்திருந்தார். அந்த வருடத்தில் அது மூன்றாவது குடை. காலையில் கொஞ்சம் கோபமாகப் பேசிவிட்டேன், தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார், பஸ் ஹோல்ட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், முச்சக்கர வண்டியில் கொண்டு வந்து இறக்கினார்கள். இவ்வளவையும் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொல்லி முடித்தேன்.

மிஸ் கையை உயர்த்தினார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு ரெண்டு நிமிசம் நான் இங்க இல்லை. குடையை மறந்து வந்தார் எண்டது வரைக்கும் கேட்டன். அதில இருந்து திருப்பிச் சொல்லுவீங்களோ?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன மிஸ்?"

"மனம் வேற இடத்துக்குப் போட்டுது. கேட்ட மாதிரித் தலையாட்டி இருக்கலாம். அது உங்களுக்குச் செய்யிற நியாயம் இல்லை."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. ஏழு மாதமாக வயிற்றுக்குள் கிடந்ததை எடுத்துப் போட்டிருக்கிறேன். இந்த மனுசி காது கொடுக்கவில்லை. எழும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. "அப்ப நல்லா கேட்டுக்குங்க" என்று கத்தினேன். கத்திக் கத்தித் திரும்பவும் சொன்னேன். அந்தக் கோபத்தில் முதல் தரம் சொல்லாததெல்லாம் வந்துவிட்டது. கொஞ்சம் கோபமாகப் பேசினேன் என்பது பொய். "எங்கயாச்சும் போய்த் தொலைங்க, என் கண்ணுல முழிக்காதீங்க" என்று சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். நான் கதவை அடித்துச் சாத்தினேன். செத்த வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார் என்று சொன்னேன். என் மகள் இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறாள்.

சொல்லி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். கண் எடுக்கவில்லை. "இப்ப முழுக்கக் கேட்டன்" என்றார்.

அன்றைக்கு நான் விடியும் வரை நித்திரை கொண்டேன். ஏழு மாதத்தில் முதல் தடவை. அந்த நித்திரை தந்த தெம்பில்தான் மறுநாள் காலை உட்கார்ந்து அவர் மேல் பெட்டிசம் எழுதினேன், பெயர் போடாத புகார்.

ஏன் எழுதினேன் என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். என் அசிங்கத்தைப் பார்த்த ஒரே ஆள் அவர். அப்படிப்பட்ட ஆளிடம் ஒரு குற்றம் இருந்தது, அதையும் அவரே என் கையில் தந்திருந்தார். எடுத்துப் பிடித்துக்கொண்டேன். வேறு காரணம் சொன்னால் அது சோடனை.

எங்கள் நாட்டில் பெட்டிசம் எழுத யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. உண்மை ஒன்று இருந்தால் பொய் இரண்டு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் வாசிக்க மாட்டார்கள். மகளின் பழைய கொப்பியில் தாள் கிழித்து, எழுத்தைச் சாய்த்து எழுதினேன். வருகிறவர்களின் பேச்சை இவர் கவனிப்பதில்லை. கதிரையிலேயே நித்திரை கொள்கிறார். கணவனை இழந்த ஒருத்தி தன் துக்கத்தைச் சொன்னபோது, குடையை மறந்த கதை வரைக்கும்தான் கேட்டேன் என்று சொல்லி அந்தத் துக்கத்தை இரண்டு தரம் சொல்ல வைத்தார். இப்படிக்கு, பாதிக்கப்பட்டோர். நிலையத்தை நடத்திய கமிட்டியின் தலைவருக்கு விலாசம் போட்டேன். எங்கள் கந்தோர் முத்திரை அதில் விழக்கூடாது என்ற புத்தி தபால்காரிக்கு இல்லாமல் போகுமா? சனிக்கிழமை மாத்தளை பஸ்ஸில் ஏறி, அக்குறணையில் இறங்கி, அங்கே பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

அடுத்த புதன்கிழமை ஒன்றும் தெரியாதவள் மாதிரிப் போய் அதே கதிரையில் உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். அன்றைக்கு நேரம் எடுத்தது. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். பிறகு, "வந்திட்டன்" என்றார். அதற்கடுத்த புதன்கிழமையும் அப்படித்தான். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயத்தைச் சொன்னது வரவேற்பில் இருந்த பிள்ளை. அக்குறணை முஸ்லிம் பிள்ளை, இருபத்திரண்டு வயதிருக்கும். அவள் பேச்சில் 'சொல்' என்பது 'செல்' ஆகும், 'இரு' என்பது 'ஈ' ஆகும். நான் மூன்றாவது புதன்கிழமை போனபோது முகம் வீங்கியிருந்தது.

"ஒரு மொட்டைப் பெட்டிசம் வந்தீக்கிது அக்கா, மிஸ்ஸப் பத்தி. அக்குறணை சீல். இங்க அக்குறணைல ஈந்து வாரது நான் மட்டும்தானே. எல்லாரும் என்னயத்தான் ஒரு மாதிரியாப் பாக்குறாங்க."

"மிஸ் என்ன சொல்றாங்க?"

"மிஸ்தான் கமிட்டிட்ட சென்னாங்க, இந்தப் புள்ள எழுதல்ல, எனக்குத் தெரியும்னு. நான் தேத்தண்ணி கொண்டு போகக்குள்ள கேட்டேன். தூங்கினது பொய், ஆனா கவனம் போனது உண்மைன்னும் அவங்களே சென்னாங்க. அப்ப அந்த ஆள் யாரு, என்ன நடந்த, குறிப்புப் புத்தகத்தக் காட்டுங்க, இல்லாட்டி அந்த ஆளே வந்து செல்லட்டும், பைலை மூடிருவோம்னு கேட்டாங்க. மிஸ் முடியாதுன்னுட்டாங்க. இங்க செல்றது செல்ற ஆளுக்குச் சொந்தம், எனக்குச் சொந்தமில்லன்னு. வெள்ளிக்கெழம கடைசிக் கூட்டம். அதோட மிஸ்ஸ அனுப்பிருவாங்க போல ஈக்கிது." கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "அந்தக் கெழம மிஸ்ஸோட தங்கச்சிட்ட ஈந்து, சண்ட நடக்குற வன்னில ஈந்து, ஒரு சேதியும் இல்ல அக்கா. யாருக்குத்தான் கவனம் போகாது?"

அவருக்கு ஒரு தங்கை இருப்பார் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

உள்ளே போனேன். அவர் தரையைப் பார்த்து முடிக்கும் வரை என்னால் பொறுக்க முடியவில்லை.

"மிஸ், அந்தப் பெட்டிசம் எழுதினது நான்தான்."

அவர் மெதுவாக நிமிர்ந்தார். "ஓம். தெரியும்."

"எப்பருந்து?"

"வந்த அண்டைக்கே. குடைக் கதையை எழுதியிருந்தீங்கள். அது இந்த அறைக்குள்ள மட்டும் இருந்தது."

"தெரிஞ்சும் ரெண்டு கெழம என்னைய உக்கார வச்சுக் கேட்டீங்களா?"

"கஷ்டமாத்தான் இருந்தது. வந்து சேர நேரம் எடுத்தது. நீங்கள் கவனிச்சிருப்பீங்கள்."

நான் உடைந்துபோனேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க மிஸ். பரவால்லன்னாவது சொல்லுங்க. என்னால தாங்க முடியல."

வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஒப்புக்காவது சொல்லியிருப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அலுமாரிக்குள் ஒரு சாமானைத் தேடுகிறவர் மாதிரி இருந்தது முகம்.

"தேடிப் பார்த்தன். இன்னும் இல்லை. கோபம்தான் கிடக்கு. இல்லாததை இருக்கு எண்டு சொன்னா, இவ்வளவு நாளும் உங்களோட இருந்ததும் பொய்யாப் போடும். வந்தால் சொல்லி அனுப்புறன்."

"வெள்ளிக்கெழம நான் வரணுமா மிஸ்?"

"அதை நான் கேக்க ஏலாது. கேட்டால் எனக்காகக் கேக்கிறதாப் போடும். இந்தக் கதிரையில இருந்துகொண்டு எனக்காக ஒண்டும் கேக்கக்கூடாது. உங்கட பேரை நான் சொல்ல மாட்டன். அதுக்குப் பயப்பிடாதேங்கோ." கொஞ்சம் பொறுத்து, "கூட்டம் பத்து மணிக்கு" என்றார். பிறகு, அன்றைக்கு என்னிடம் மிச்சமிருந்த முப்பது நிமிடத்தையும் இருந்து கேட்டார். நான் என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை.

மகளின் கலியாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளையின் தாயார் பத்து வருடமாக நித்திரைக் குளிசை போடுகிறவர் என்பது தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மா அதை வெளிப்படையாகவே சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருக்கும். இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன் என்று.

மிஸ் கண்டியை விட்டுப் போய்விட்டார். வவுனியாவில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். இல்லை, கனடாவுக்குப் போய்விட்டார் என்று இன்னொருவர். தங்கையின் சேதி வந்ததா என்று கேட்பதற்கு எனக்கு முகம் இல்லை. ஓய்வு பெறும் வரை எத்தனை ஆயிரம் கடிதத்தை இந்தக் கையால் பிரித்து அடுக்கியிருப்பேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. மறந்திருப்பார் என்று என்னை நானே ஏமாற்ற முடியாது. மன்னிப்பு வந்திருந்தால் சொல்லி அனுப்பியிருப்பார். வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்லாமலே முடித்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

நான் போகாமல் இருக்கவில்லை. லீவு போட்டேன். நல்ல சேலை கட்டினேன். ஒன்பதரைக்கே அந்தத் தெருவுக்குப் போய்விட்டேன். நிலையத்துக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு ஏறலாம் என்று உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் மாடி ஜன்னல் நேராகத் தெரியும். பத்து மணி அடித்தது. கமிட்டித் தலைவர், எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரையும் தெரிந்தவர், காரிலிருந்து இறங்கி மேலே போனார். அந்த முகத்தைப் பார்த்ததும் எழும்பப் போனவள் திரும்ப உட்கார்ந்தேன். இன்னும் ஐந்து நிமிடம் என்றேன். இன்னொரு ஐந்து நிமிடம் என்றேன். தேத்தண்ணி ஆறிக் குளிர்ந்துவிட்டது. தெருவைக் கடக்க முப்பது அடிகூட இல்லை. பத்தரைக்கு எழும்பி, கீழ்ப்பக்கமாக இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த அக்குறணைப் பிள்ளை ஏதோ ரெஜிஸ்டர் தபால் போட எங்கள் கவுண்டருக்கு வந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

"கூட்டம் தொடங்கக்குள்ள மிஸ் பதினஞ்சு நிமிசம் தாங்கன்னு கேட்டாங்க அக்கா. ஒரு ஆள் வரக்கூடும்னு. எல்லாரும் மணிக்கூட்டப் பாத்துக்கிட்டு ஈந்தாங்க. மிஸ் மட்டும் கைய மடியில வச்சுக்கிட்டு வாசலயே பாத்துக்கிட்டு ஈந்தாங்க. அசையவே இல்ல. அந்த ஆள் வரவே இல்ல."

தபாலை நிறுத்து, முத்திரை ஒட்டி, பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"யாராத்தான் ஈந்தீக்கும் அக்கா?"

"தெரியலம்மா" என்றேன்.